சின்ன வெங்காயமும் பெரிய பூட்டும்: பிள்ளைகளுக்குப் பெயரடை சொல்லித்தரச் சில வீட்டுக் குறிப்புகள்

தமிழ்ப் பாடத்தில் பெயரடை வந்ததும் நாம் எல்லாரும் செய்கிற முதல் காரியம், போனில் தேடி இருபது பயிற்சித் தாளை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு வாங்கி வருவதுதான். அதில் பாதி, அலமாரியில் அப்படியே கிடக்கும். திண்டுக்கல்லில் ரெண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் பழகிய வழி வேறு: முதலில் பொருள் கைக்கு வரட்டும், பிறகு தாள் வரட்டும். அப்படிச் செய்தால் நாலு தாளிலேயே பாடம் முடிந்துவிடுகிறது.

1. தாளை எடுக்கும் முன் சொளகை எடுங்கள். சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பெரிய வெங்காயம் ரெண்டு, பச்சை மிளகாய், காய்ந்த மிளகாய், புளி, கருப்பட்டி என்று பரப்பி, ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து "எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். வழவழப்பான, பிசுபிசுப்பான, காரமான, சொரசொரப்பான என்று பத்து நிமிஷத்தில் சொற்கள் வந்து விழும். சமையலுக்கு உரிக்க வேண்டிய வெங்காயமும் அப்படியே உரிந்துவிடும்.

2. இதிலேயே ஒரு விளையாட்டு. இருக்கிற சின்ன வெங்காயத்தில் பெரியதையும், பெரிய வெங்காயத்தில் சின்னதையும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். "பெரிய சின்ன வெங்காயம்" என்று சொல்லும்போதே பிள்ளைக்குச் சிரிப்பு வரும். சில பெயரடைகள் அளவைச் சொல்வதை விட்டுப் பெயராகவே ஒட்டிக்கொள்ளும் என்பதும் அந்தச் சிரிப்போடு மனசில் பதியும். பச்சரிசி, செவ்வாழை, கருங்கல், செங்கல் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

3. இலக்கணப் பெயரைச் சொல்வதற்கு முன்னால் கேள்வியைச் சொல்லிக் கொடுங்கள். "எப்படிப்பட்ட?" என்று கேட்டால் வருகிற பதில் பெயரடை. எப்படிப்பட்ட மோர்? புளித்த மோர். இந்தப் 'புளித்த', 'காய்ந்த', 'பழுத்த' எல்லாம் பெயரெச்சம் என்று பெரிய வகுப்பில் பிரித்துச் சொல்வார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் அதற்காகத் தப்புப் போட வேண்டாம்.

4. ஆங்கிலப் பயிற்சித் தாளை அப்படியே தமிழாக்கிப் பயன்படுத்தாதீர்கள். ஒப்பிடும்போது ஆங்கிலத்தில் பல சமயம் சொல்லே வால் முளைத்து மாறும். தமிழில் 'பெரிய' மாறாது, 'அதைவிட', 'இருப்பதிலேயே' என்று பக்கத்தில் ஒரு துணை வரும். நம்ம ஊர் மலைக்கோட்டையைக் காட்டியே இதைச் சொல்லலாம். கோட்டை பழையது, 1605-ல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கியது. அது நிற்கிற பாறை அதைவிடப் பழையது.

5. இன்னொரு வித்தியாசம், பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிற இடம். நல்ல பையன், நல்ல பொண்ணு, நல்ல மாடு, நல்ல மனுஷர்கள்: முன்னால் வரும்போது 'நல்ல' யாருக்காகவும் மாறாது. அதையே வாக்கியத்தின் கடைசியில் வைத்தால் பையன் நல்லவன், பொண்ணு நல்லவள், மாடு நல்லது, மனுஷர்கள் நல்லவர்கள் என்று ஆளுக்கு ஏற்ப மாறிவிடும். ஒரு தாளில் நடுவே கோடு போட்டு இடது பக்கம் 'முன்னால்', வலது பக்கம் 'பின்னால்' என்று எழுதிப் பத்துப் பெயர்களை நிரப்பச் சொல்லுங்கள். இந்த ஒரு தாள் மட்டும் போதும், கடையில் விற்கிற பயிற்சிப் புத்தகம் தேவையில்லை.

6. 'ஆன', 'ஆக' குழப்பத்துக்கு இட்லித் தட்டு உதவும். "சூடான இட்லி" என்றால் இட்லியைச் சொல்கிறது, "சூடாகச் சாப்பிடு" என்றால் சாப்பிடுவதைச் சொல்கிறது. ரெண்டு வாரம் காலைப் பலகாரத்தின்போது கேட்டுக்கொண்டே இருந்தால் பெயரடையும் வினையடையும் தனியாகப் படிக்காமலே பிரிந்துவிடும்.

7. நீங்களே கம்ப்யூட்டரில் தாள் தயாரித்தால், கடைக்கு அனுப்பும் முன் பிடிஎஃப் ஆக மாற்றிவிடுங்கள். வேறு கம்ப்யூட்டரில் அந்தத் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி, சில சமயம் வெறும் கட்டம் கட்டமாக வந்து நிற்கும். ஒரு தடவை முப்பது பக்கம் அப்படி வந்து காசு போனது எனக்கு.

8. கலர் படம் வேண்டாம், கோட்டுப் படமே எடுங்கள். மை மிச்சம், கறுப்பு வெள்ளைக் கட்டணம் போதும், பிள்ளை தானே வண்ணம் தீட்டி "மஞ்சள் பூசணி, வெண்பூசணி" என்று எழுதும். ஒரு ஏ4 தாளில் ரெண்டு பக்கத்தைச் சுருக்கி, முன்னும் பின்னும் அடித்தால் நாலு பயிற்சி ஒரே தாளில் அடங்கும்.

9. லேமினேஷன் செலவு எதற்கு? சேலை, சட்டை வாங்கும்போது வரும் கண்ணாடிக் கவருக்குள் தாளை நுழைத்து, ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதி, பழைய பருத்தித் துணியால் துடைத்தால் அதே தாள் வருஷம் முழுக்க உழைக்கும். தெரியாமல் அழியாத மார்க்கரால் எழுதிவிட்டால், அதன் மேலேயே ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதி உடனே துடையுங்கள், ரெண்டும் சேர்ந்து போய்விடும்.

10. எங்கள் வீட்டில் அதிகம் ஓடியது பூட்டு விளையாட்டு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய் வடிவத்தில் இருக்கிற மாங்காய்ப் பூட்டைப் பிள்ளைகள் பெரியவர்கள் வீட்டில் பார்த்திருப்பார்கள். ஒரு தாளில் எட்டுப் பூட்டும் எட்டுச் சாவியும் வரைந்து, பூட்டில் பெயரையும் சாவியில் பெயரடையையும் எழுதி வெட்டிக்கொள்ளுங்கள். மோர்ப் பூட்டைப் 'புளித்த' திறக்கும், 'உயரமான' திறக்காது. ஏன் திறக்காது என்று பிள்ளை வாயால் சொல்ல வைப்பதுதான் இதில் முக்கியம். சில சாவி ரெண்டு மூன்று பூட்டுக்குச் சேரும். 'பழைய' எதையும் திறந்துவிடும். அப்போது, "எல்லாப் பூட்டுக்கும் சேருகிற சாவியால் என்ன பயன்? பழைய என்றால் எனக்கு எந்தப் பூட்டும் கண்ணுக்குத் தெரியலையே, துருப்பிடித்த என்று சொல்லிப் பார்" என்று கேளுங்கள். நல்ல, அழகான, பெரிய என்ற மூன்றையே திரும்பத் திரும்ப எழுதுகிற பழக்கம் இந்த விளையாட்டில்தான் என் மகனுக்கு விட்டது.

11. பூட்டுத் தாளுக்குக் கெட்டி அட்டை வேண்டுமா? கல்யாணப் பத்திரிகையைத் தூக்கிப் போடாதீர்கள், ஒன்றில் எட்டு அட்டை தாராளமாக வரும். ஜெராக்ஸ் தாளை அதன் மேல் சோற்றுப் பசையால் ஒட்டி, ஒரு ராத்திரி அம்மிக்கல்லுக்கு அடியில் வைத்தால் சுருங்காது.

12. தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளைக் கிளிப்பில் மாட்டி வையுங்கள். அன்றைய பெயரடை ஒன்றை அதன் பின்பக்கம் எழுதினால் மாசத்துக்கு முப்பது சொல், காசு செலவில்லை.

13. ஊர்ப் பெயரிலேயே பாடம் இருக்கிறது. சிறுமலைக்குப் போகும்போது "இது ஏன் சிறு மலை?" என்று பஸ்ஸில் கேளுங்கள். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள், பக்கத்தில் இருக்கிற கொடைக்கானல் மலையோடு ஒப்பிட்டுப் பிள்ளை தானே பதில் சொல்லிவிடும். வளைவை எண்ணும்போது 'பதினெட்டு வளைவு' வேறு, 'பதினெட்டாவது வளைவு' வேறு என்பதையும் சொல்லுங்கள். எண்ணும் பெயருக்கு முன்னால் நின்று அடையாகும். ஆனால் திண்டுக்கல்லில் இருக்கிற 'திண்டு' பெயர்ச்சொல், திண்டு மாதிரி இருக்கிற கல் என்று அர்த்தம்.

14. எட்டாம் வகுப்புக்கு மேல் இருக்கிற அக்கா, அண்ணன் வீட்டில் இருந்தால், அவர்களையும் இழுத்துக்கொள்ளுங்கள். சிறுமை + மலை = சிறுமலை என்பதில் 'மை' போனது ஈறு போதல் என்று அவர்கள் தம்பிக்குச் சொல்லித் தருவார்கள். தம்பிக்குப் புரிகிறதோ இல்லையோ, அண்ணனுக்குப் பரீட்சைக்கு ஒரு கேள்வி தயார்.

15. தண்ணீர் என்ற சொல்லுக்குள்ளே ஒரு பெயரடை ஒளிந்திருக்கிறது: தண்மை + நீர், குளிர்ந்த நீர். வெம்மை + நீர் வெந்நீர். அப்படியானால் நாம் தினமும் சொல்கிற 'சுடு தண்ணீர்' எப்படி வந்தது என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள், ராத்திரிச் சாப்பாடு முடிகிறவரை பேச்சு ஓடும்.

16. ஏமாற்றுகிற சொற்களையும் ரெண்டு வைத்திருங்கள். பசும்புல் பசுமையான புல், பசும்பால் பசுவின் பால். நல்ல பாம்பு நல்லதா என்று கேட்டால் வீடே கலகலக்கும்.

17. அப்பத்தா, அம்மாச்சி பேசும்போது காது கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். புத்தம்புது, சின்னஞ்சிறு, பென்னம்பெரிய, கன்னங்கரிய, செக்கச்செவேல், பச்சைப்பசேல்: 'மிக' என்று ஒரு தடவைகூடச் சொல்லாமல் அழுத்தம் கொடுக்கிற சொற்கள் இவை. எந்தப் பயிற்சித் தாளிலும் நான் இதைப் பார்த்ததில்லை, பார்க்காதது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. வரைவதற்குத் தெம்பிருந்தால் நீங்களே ஒரு தாள் செய்யுங்கள்: இடது பக்கம் 'புது', 'சிறு', 'பெரிய', வலது பக்கம் அப்பத்தா சொன்னது.

18. சுவைக்குக் கண்ணைக் கட்டி விளையாடுங்கள். சிறுமலை வாழைப்பழம் ஒரு துண்டு, சாதாரணப் பழம் ஒரு துண்டு, நெல்லிக்காய், வெந்தயம், ஒரு கல் உப்பு, பழனிப் பஞ்சாமிர்தம் ஒரு சொட்டு. இனிப்பான, புளிப்பான, துவர்ப்பான, கசப்பான, உவர்ப்பான என்று சொன்ன பிறகு கண்ணைத் திறந்து தாளில் எழுதட்டும். 'துவர்ப்பான' என்ற சொல் இப்போது பிள்ளைகள் வாயிலேயே வருவதில்லை. நெல்லிக்காய் ஒன்று கடித்தால் ஆயுசுக்கும் மறக்காது.

19. பூக்காரம்மாவிடம் நிலக்கோட்டை மல்லிகை வாங்குகிற நேரமும் பாடம்தான்: இறுக்கமான மொட்டு, மலர்ந்த பூ, வாடிய சரம். இதே போலத்தான் 2022-ல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பயிற்சிநூல் கொடுத்தார்கள். பழைய பயிற்சிநூல் வீட்டில் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், அதிலுள்ள படங்களை வெட்டினால் பிரிண்ட் செலவே இல்லை.

20. துணிக்கடை நோட்டீஸ், பேப்பர் விளம்பரம் எல்லாம் பெயரடைக் களஞ்சியம். சிவப்புப் பென்சிலால் வட்டம் போடச் சொல்லுங்கள்: புதிய, சிறப்பு, மாபெரும். 'மாபெரும்' என்பதில் மா, பெரும் என்று ரெண்டு அடை அடுக்கி வந்திருப்பதைக் கண்டுபிடித்தால் அன்றைக்கு ஒரு கடலை மிட்டாய்.

21. தாயக்கட்டம் வரைந்து, கட்டத்துக்கு ஒரு பெயர்ச்சொல் எழுதுங்கள். ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டை நாலை உருட்டி, விழுந்த கட்டத்துப் பெயருக்கு ஓர் அடை சொன்னால்தான் காய் நகரும். ஒருவர் சொன்னதை மற்றவர் சொல்லக் கூடாது. கரண்ட் போன சாயங்காலத்துக்கு ஏற்றது.

22. வத்தலக்குண்டு, நத்தம் என்று பஸ்ஸில் போகும்போது போனைக் கொடுக்காதீர்கள். ஜன்னலில் தெரிகிற ஒரு பொருளுக்கு மாறி மாறி அடை சொல்ல வேண்டும்: மாமரம், உயரமான மாமரம், உயரமான வயசான மாமரம். யார் வரிசையை மறக்கிறார்களோ அவர்கள் அவுட்.

23. "உன் நண்பனைப் பற்றி மூன்று பெயரடை எழுது" என்று சில தாளில் வரும். பிள்ளைகள் உடனே 'கறுப்பான', 'குண்டான' என்று எழுதிவிடும், மறுநாள் வகுப்பில் அந்த நண்பன் அழுவான். ஆளைச் சொல்லும்போது குணத்தைச் சொல்லப் பழக்குங்கள்: பொறுமையான, விட்டுக்கொடுக்கிற, சத்தமாகச் சிரிக்கிற. இதில் நான் கண்டிப்பாக இருப்பேன்.

24. ஒரு நாளைக்கு மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம், சிவப்பு மையால் அடிக்கவும் வேண்டாம். தப்பாக எழுதியதற்குப் பக்கத்தில் பென்சிலால் சரியானதை எழுதி வைத்தால் பிள்ளையே பார்த்துத் திருத்திக்கொள்ளும்.

25. மாசக் கடைசியில் ஒரே ஒரு ஏ4 தாளில் புத்தகம் செய்யுங்கள். மூன்று தடவை மடித்தால் எட்டுக் கட்டம். விரித்து நடு மடிப்பில் மட்டும் ஒரு வெட்டு, திரும்ப மடித்தால் தைக்காமலே எட்டுப் பக்கம். அட்டையில் தலைப்பு, உள்ளே பக்கத்துக்கு ஒரு படமும் ஓர் அடையும். என் மகள் செய்த முதல் புத்தகத்தின் பெயர் 'அம்மாச்சி வீட்டுத் துருப்பிடித்த பூட்டு'. அம்மாச்சி அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.