ஆறாம் ஆட்டக்காரர்

கூடைப்பந்து ஆட்டத்தில் ஓரணிக்குக் களத்தில் நிற்போர் ஐவர். அவர்கள் அனைவருக்கும் உரிய பந்தோ ஒன்றே. அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் விதிப்படி, பந்தைப் பெற்ற அணி 24 நொடிக்குள் அதனைக் கூடையை நோக்கி எறிதல் வேண்டும். ஆதலின், எறியும் வாய்ப்பு ஓர் அளவிற்கு உட்பட்டது. ஒருவர் மிகுதியாக எறியின் மற்றவர்க்குரிய வாய்ப்புக் குறையும். புகழ்மிக்க வீரர் பலர் ஓரணியில் கூடுங்கால் எழும் இடர்ப்பாட்டிற்கு வேர் இதுவே. ஓர் உறையில் இரு வாள் கிடவா என்பது பழமொழி. மூன்று வாள் கிடந்த ஓர் உறையின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

ஓக்லஹோமா சிட்டி நகரின் தண்டர் அணி, 2009 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஹார்டன் என்னும் இளைஞரைத் தேர்ந்தெடுத்தது. அவருக்கு அப்பொழுது இருபது வயதும் நிரம்பவில்லை. அவ்வணியில் முன்னரே இருவர் ஒளிவீசினர். ஒருவர் கெவின் டூரண்ட். 2010, 2011, 2012 ஆகிய மூன்றாண்டும் சராசரிப் புள்ளிக் கணக்கில் சங்கத்தின் முதல்வராய் விளங்கியவர். மற்றவர் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்; மின்னலெனப் பாய்ந்து கூடையை அணுகுபவர். இருவரும் ஹார்டனினும் ஏறத்தாழ ஓராண்டே மூத்தவர்.

ஹார்டனும் புள்ளி குவிக்கும் ஆற்றல் படைத்தவரே. தொலைவில் நின்று எறிதலும், எதிரிகளை ஊடுருவிச் செல்லுதலும், தக்கார்க்குப் பந்தை ஈதலும் அவருக்குக் கைவந்தவை. ஆயினும், பயிற்சியாளர் ஸ்காட் புரூக்ஸ் அவரைத் தொடக்க ஐவருள் நிறுத்தவில்லை. பந்தை மிகுதியும் வேண்டாது, எதிரியைத் தடுத்தலில் வல்லவரான தாபோ செஃபலோஷாவை அவ்விடத்தில் நிறுத்தினார். ஹார்டன் மாற்று வீரர் இருக்கையிலிருந்து எழுந்து வந்தார். மூத்தோர் இளைப்பாறும் வேளையில் ஆட்டத்தை நடத்தும் பொறுப்பு அவருடையதாயிற்று. வெற்றி தோல்வியை முடிவு செய்யும் இறுதி நேரத்திலோ மூவரும் ஒருங்கே ஆடினர். காலத்தைப் பகுத்தமையால், உறை ஒன்றாயினும் வாள்கள் மோதவில்லை.

இதன் பயன் பெரிது. 2011-12 பருவத்தில் ஹார்டன் 62 ஆட்டங்களில் ஆடினார். அவற்றுள் தொடக்க ஐவருள் ஒருவராய் நின்றவை இரண்டே. எனினும், ஆட்டத்திற்குச் சராசரி 16.8 புள்ளிகள் ஈட்டிச் சிறந்த ஆறாம் ஆட்டக்காரருக்குரிய விருதைப் பெற்றார். அணியும் 2012 ஆம் ஆண்டின் இறுதிப் போட்டியை எட்டியது. ஆங்கே மயாமி ஹீட் அணியிடம் 4-1 என்ற கணக்கில் தோற்றது.

அதன்பின் ஊதியம் பற்றிய பேச்சு எழுந்தது. அணி தர இசைந்ததும் ஹார்டன் வேண்டியதும் ஒன்றுபடவில்லை. 2012 அக்டோபர் 27 அன்று அவர் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். நான்கு நாள் கழித்து, புதிய அணியின் முதல் ஆட்டத்திலேயே 37 புள்ளிகள் குவித்தார். அப்பருவத்தில் அவருடைய சராசரி 25.9 ஆக உயர்ந்தது.

பின்னர் டூரண்ட் 2014 இலும், வெஸ்ட்புரூக் 2017 இலும், ஹார்டன் 2018 இலும் சங்கத்தின் தலைசிறந்த வீரர் விருதை அடைந்தனர். மூவரும் தனித்தனியே சிகரம் ஏறினர். ஆயின், மூவரும் கூடி ஓக்லஹோமா சிட்டிக்கு ஒரு பட்டமேனும் ஈட்டித் தரவில்லை. அந்நகர் தன் முதற் பட்டத்தைக் கண்டது 2025 ஆம் ஆண்டிலேதான். அப்பொழுது அம்மூவருள் ஒருவரும் அவ்வணியில் இலர்.

இருக்கையின் வரிசை ஒருவருடைய ஆற்றலுக்கு அளவுகோல் ஆகாது. பின்வந்து ஆடியவரே பின்னாளில் தலைசிறந்த வீரர் எனப் பெற்றமை இதற்குச் சான்று. அணியின் நலம் கருதித் தம் பங்கைச் சுருக்கிக்கொள்ளுதல் வீரர் கடன். அங்ஙனம் சுருக்கிக்கொண்டவரின் தகுதியை அறிந்து உரியது அளித்தல் அணியின் கடன். இவ்விரு கடனும் இணையும்வரை கூட்டு நிலைக்கும். ஒன்று தளரின் மற்றொன்றும் தளரும்.