பற்சிகிச்சைக் கழிவும் கிணற்று நீரும்

கேள்வி: யாழ்ப்பாணத்துப் பற்சிகிச்சை நிலையங்களில் சேரும் கழிவை எப்படி அகற்ற வேண்டும்?

பதில்: பற்சிகிச்சைக் கழிவில் மிகுந்த கவனம் வேண்டியது பாதரசத்துக்கு. பல் அடைக்கும் வெள்ளி நிறக் கலவையில் ஏறத்தாழப் பாதி பாதரசமே. பழைய அடைப்பைக் குடைந்தெடுக்கும்போது அதன் துகள்கள் எச்சில் துப்பும் தொட்டி வழியே கழிவுநீரில் கலக்கின்றன. வற்றாத ஆறு இல்லாத குடாநாட்டில் இது பாரதூரமானது. இங்கே குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புப் பாறையில் தேங்கும் நீரே. வெடிப்பு நிறைந்த அப்பாறை அழுக்கை எளிதில் கீழே விட்டுவிடும். குடாநாட்டின் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது மக்கள் பெரும்பாடு பட்டனர்.

ஆகவே துகள்களை வடிகட்டியில் பிடித்து, மிஞ்சிய கலவையோடு இறுக மூடிய கொள்கலனில் தனியே சேர்க்க வேண்டும். அடைப்புள்ள பிடுங்கிய பல்லையும் எரிக்கக் கூடாது. சூட்டில் பாதரசம் ஆவியாகிக் காற்றில் கலக்கும். ஊசிகள் துளைபடாத பெட்டிக்குள் போக வேண்டும், முக்கால் பங்கு நிரம்பியதும் அதை மூடிவிட வேண்டும். இரத்தம் தோய்ந்த பஞ்சுக்கு மஞ்சள் பை. இவற்றில் எதுவும் வீட்டுக் குப்பையோடு சேரக் கூடாது.

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை இலங்கை 2017 இல் ஏற்றது. 15 வயதுக்கு உட்பட்டோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் பாதரசம் சேர்ந்த பல் அடைப்புக் கலவையைத் தவிர்க்கும் விதி 2022 இல் அதில் சேர்ந்தது.