சூறாவளியும் சுகம் விசாரித்தலும்

மாணவச் செல்வங்களே, நம் ஊரிற் சூறாவளி எனப்படுவதே அத்திலாந்திக் சமுத்திரத்தில் 'ஹரிக்கேன்' எனப் பெயர் பெறுகின்றது. அதன் நடுவே 'கண்' என்னும் அமைதியான பகுதி உண்டு. கண் கடக்கும்போது காற்று ஓய்ந்துவிடும். அயலவரைப் பார்த்துவர மனம் உந்தும். வெளியே செல்லலாகாது. சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் சீறும்.

2017 செப்டெம்பர் 20 இல் 'மரியா' என்னும் சூறாவளி, மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீற்றர் வேகக் காற்றுடன் புவேர்ட்டோ ரிக்கோத் தீவைத் தாக்கியது. தீவெங்கும் மின்சாரம் தடைப்பட்டது; கைத்தொலைபேசிக் கோபுரங்களில் நூற்றுக்கு 95 அளவில் செயலிழந்தன. அமெரிக்க நகரங்களில் வாழ்ந்த பிள்ளைகள், பெற்றோரின் குரலைக் கேட்க நாட்கணக்கிற் காத்திருந்தனர். (அக்காத்திருப்பு எத்தகையதென நம் பெற்றோருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.)

இறந்தோர் 64 பேர் என்றே நெடுநாள் கூறப்பட்டது. 2018 ஓகஸ்டில் அரசு அத்தொகையை 2,975 எனத் திருத்தியது. அவர்களுட் பலர் காற்றினால் மாண்டவரல்லர். பின்வந்த மாதங்களில் மின்சாரமும் மருத்துவமும் கிட்டாது மாண்டவர். முதியோருக்கே ஆபத்து மிகுதியாயிருந்தது. எனவே 'சுகம்' என்ற முதற் செய்தியுடன் விசாரிப்பை நிறுத்தலாகாது. அம்மம்மாவின் மருந்து எத்தனை நாளைக்குப் போதும், இன்சுலினைக் குளிராக வைக்க வழியுண்டா, அயலவர் எவரேனும் வந்து பார்க்கின்றனரா எனக் கிழமைதோறும் கேட்டறிதல் வேண்டும்.