கடற்கரைப் பயணமும் தொடைக் குழிவுகளும்: எட்டு வாரத் தயாரிப்பு

மாலத்தீவுக்கோ இலங்கையின் பெந்தோட்டைக்கோ டிக்கெட் போட்டாயிற்று. நீச்சல் உடையும் வந்துவிட்டது. அதைப் போட்டுப் பார்க்கும் அன்றுதான் தொடையின் பின்புறமும் பிட்டத்துக்குக் கீழும் தோல் குழிக்குழியாக இருப்பது பல பெண்களின் கண்ணில் படுகிறது. புடவையும் சுடிதாரும் அதுவரை அதைப் பற்றி யோசிக்கவே விட்டதில்லை. உடனே தேடல் தொடங்கிவிடுகிறது: எந்த க்ரீம், எந்த மெஷின், எத்தனை சிட்டிங்?

செல்லுலைட் எனப்படும் இந்தக் குழிவுகளைப் பயணத்துக்குள் அழிக்க முடியாது. அவை தெரிவதைக் குறைக்கலாம், அதுவும் ஓரளவு நன்றாகவே. எட்டு வாரம் கையில் இருந்தால் நல்லது. மூன்றே நாள் இருந்தாலும் செய்வதற்கு வேலை இருக்கிறது.

எதோடு மோதுகிறோம் என்று தெரிந்தால்தான் பணத்தை எங்கே செலவழிப்பது என்று புரியும். தோலுக்கு அடியில் கொழுப்பு அடுக்கு இருக்கிறது. அதற்குள் புகுந்து செல்லும் நார்கள் தோலை அடியில் உள்ள திசுவோடு கட்டி வைக்கின்றன. இலவம்பஞ்சு மெத்தையில் ஆங்காங்கே நூல் போட்டு இழுத்துக் கட்டியிருப்பார்களே, அந்த இடம் குழிந்து சுற்றிலும் பஞ்சு மேடிடுவது மாதிரிதான் இதுவும். பெண்களுக்கு இந்த நார்கள் பெரும்பாலும் செங்குத்தாக ஓடுகின்றன. ஆண்களுக்குக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருப்பதாலும், தோலும் தடிமனாக இருப்பதாலும் இது அரிதாகவே வருகிறது. பருவமடைந்த பெண்களில் 80 முதல் 90 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது உண்டு. ஒல்லியானவர்களும் ஓட்டப் பந்தய வீராங்கனைகளும் விலக்கல்ல. பரம்பரை, ஈஸ்ட்ரோஜன், வயதாக ஆகத் தோல் மெலிவது எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை இது. நோய் அல்ல. கொழுப்பைக் கரைக்கிறேன் என்று சொல்லும் பொருள்கள் இந்த நாரைத் தொடுவதே இல்லை. லைப்போசக்‌ஷன் செய்துகொண்ட பிறகு குழிவு முன்னைவிட அதிகமாகத் தெரிவதும் உண்டு.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். தோல் சிவந்து, சூடாகி, வலித்து, காய்ச்சலும் வந்தால் அது செல்லுலைட்டிஸ் என்ற பாக்டீரியா தொற்றாக இருக்கலாம். அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். இரண்டு கால்களும் ஒரே மாதிரி பருத்து, அழுத்தினால் வலித்து, லேசாக இடித்தாலும் கன்றிப்போய், பாதம் மட்டும் ஒல்லியாகவே இருந்தால் லிப்பெடிமாவாக இருக்கலாம். அதற்கும் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

முதல் படி: சரியான வெளிச்சத்தில் ஒரு படம்

துணிக்கடை ட்ரையல் ரூமில் விளக்கு தலைக்கு நேர் மேலே இருக்கும். அந்த ஒளி தொடையை உரசிக்கொண்டு கீழே இறங்குவதால் சின்னக் குழிக்குக்கூட நிழல் விழும். அங்கே நின்று எந்த முடிவும் எடுக்காதீர்கள். வீட்டில் ஜன்னலைப் பார்த்து நின்றும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றும், காலை வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து வையுங்கள். நான்கு வாரம் கழித்து அதே இடம், அதே நேரம், அதே நிலையில் மறுபடி எடுங்கள். எது பலன் தருகிறது, எது தரவில்லை என்று அந்த இரண்டு படங்களும் சொல்லும். அழகு நிலையச் சுவரில் மாட்டியிருக்கும் ‘முன்’, ‘பின்’ படங்களைப் பார்க்கும்போதும் முதலில் விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டாம் படி: எட்டு வாரத்துக்கு முன்பே தசை

என்னிடம் ஒரே ஒரு வழி கேட்டால் இதைத்தான் சொல்வேன். தொடையிலும் பிட்டத்திலும் தசை கூடினால் மேலே உள்ள தோல் இழுபட்டு நிற்கும், குழிவின் ஆழம் குறைந்து தெரியும். உடற்பயிற்சி நாரை அறுக்காது. ஆனால் அடித்தளத்தை உறுதியாக்கும். நடைப்பயிற்சி உடம்புக்கு நல்லது, இந்த வேலைக்கு மட்டும் போதாது. எடை தூக்க வேண்டும்.

வாரத்துக்கு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள். நாற்காலியில் உட்காரப் போவது போல இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி இறங்கி எழும் ஸ்குவாட், மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்தும் க்ளூட் பிரிட்ஜ், ஒரு காலை முன்வைத்து இறங்கும் லஞ்ச், மாடிப்படியில் ஒரு காலால் ஏறி இறங்கும் ஸ்டெப் அப். இந்த நான்கும் போதும். ஒவ்வொன்றையும் 10 முதல் 12 தடவை, மூன்று சுற்று. இரண்டாவது வாரமே சுலபமாகிவிடும். அப்போது எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகாமல் எடையைக் கூட்டுங்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், பிறகு ஐந்து கிலோ அரிசிப் பை என்று போகலாம். கடைசி இரண்டு தடவை கஷ்டப்பட்டுத்தான் முடிய வேண்டும். அதுதான் சரியான எடை. முழங்கால் வலி உள்ளவர்கள் லஞ்ச்சை விட்டுவிட்டு பிரிட்ஜை அதிகமாகச் செய்யலாம்.

முதல் சில வாரங்களில் பலம் கூடும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆறு, எட்டு வாரத்தில்தான் வடிவம் மாறத் தொடங்கும். நான்காவது வாரத்தில் விட்டுவிடாதீர்கள்; அது பலன் வருவதற்குச் சற்று முந்தைய கட்டம்.

சாப்பாட்டில் புரதம் வேண்டும். இட்லி, தோசை, சாதம், தயிர் என்று முடியும் நாளில் புரதம் குறைவு. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது. சுண்டல், மீன், பனீர், சோயா, பயறு என்று ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது ஒன்றைச் சேருங்கள். பயணத்துக்காகப் பட்டினி கிடக்காதீர்கள். வேகமாக எடை இறங்கினால் தசையும் சேர்ந்து போகும், தோல் தளரும், குழிவு இன்னும் பளிச்சென்று தெரியும்.

மூன்றாம் படி: தோலைத் தடிமனாக்குவது

தோல் மெலிந்திருந்தால் அடியில் உள்ள மேடுபள்ளம் அப்படியே வெளியே தெரியும். தினமும் குளித்தவுடன், ஈரம் காய்வதற்குள் நல்ல மாய்ஸ்சரைசர் தடவுவதே எளிய முதல் வேலை. வறண்டு செதில்விடும் காலுக்கு 10 சதவீதம் யூரியா உள்ள லோஷன் நன்றாக வேலை செய்யும்.

ரெட்டினால் 0.3 சதவீதம் உள்ள க்ரீம் தோலைச் சற்றுத் தடிமனாக்கி உதவலாம் என்பது அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமியின் கருத்து. ஆனால் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். எட்டு வாரத்தில் முழுப் பலனை எதிர்பார்க்க வேண்டாம். வாரத்துக்கு இரண்டு இரவில் தொடங்கி, எரிச்சல் இல்லாவிட்டால் கூட்டலாம். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்கு முயல்கிறவர்களும் இதைத் தொடக் கூடாது. வெயிலில் தோல் எளிதில் சிவக்கும் என்பதால் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள். வேக்ஸிங் செய்வதாக இருந்தால் அதற்கும் ஒரு வாரம் முன்பே நிறுத்தியாக வேண்டும். இல்லையென்றால் மெழுகோடு தோலும் உரிந்து வரலாம்.

கஃபீன் க்ரீம் இன்னொரு வகை. அது திசுவில் உள்ள நீரைச் சற்று வற்றச் செய்து தோலை இறுகிக் காட்டும். தினமும் தடவினால்தான் உண்டு, நிறுத்தினால் பலனும் நின்றுவிடும். பயணத்துக்கு முந்தைய சில வாரங்களுக்கு மட்டும் வாங்குவதில் தவறில்லை. முதலில் கொஞ்சம் இடத்தில் தடவி இரண்டு நாள் பாருங்கள். வீட்டில் காப்பித்தூளும் தேங்காய் எண்ணெயும் கலந்து தேய்த்தால் தோல் வழவழப்பாகும். அது தேய்ப்பின் பலன். ஐந்து நிமிடத்தில் கழுவிவிடும் தூளிலிருந்து கஃபீன் உள்ளே போய் வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம். மசாஜும் அப்படித்தான். தோல் லேசாக உப்பி, சில மணி நேரம் சமமாகத் தெரியும்.

நம் ஊர்ப் பெண்களுக்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தொடையை வெள்ளையாக்கும் க்ரீம் எதையும் தடவாதீர்கள். மாநிறத்திலும் கருமையிலும் குழிவின் நிழல் குறைவாகவே தெரியும். வெளிறிய தோலில்தான் எடுத்துக் காட்டும். மருந்துக் கடையில் டாக்டர் சீட்டு இல்லாமல் கைமாறும் சிகப்பழகு க்ரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அதைத் தொடர்ந்து தடவினால் தோல் மெலியும், வரிவரியாகத் தழும்பும் விழும். குறைக்க நினைத்ததையே அது கூட்டிவிடும்.

நான்காம் படி: மெஷினுக்குப் பணம் கட்டும் முன்

நகரத்து ஸ்லிம்மிங் சென்டர்களில் உருளை மசாஜ், ரேடியோ அலை, அல்ட்ராசவுண்ட் என்று பேக்கேஜ் பேக்கேஜாக விற்கிறார்கள். இவற்றில் சிலவற்றால் சிறு மாற்றம் வருவது உண்மை. பல சிட்டிங் தேவை, பலனும் நிலைக்காது.

நாரையே அறுக்கும் சிகிச்சை இருக்கிறது. தோல் மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய கருவியால் நாரைத் துண்டிப்பார். செல்ஃபினா என்ற கருவிக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015இல் அனுமதி கொடுத்தது. நல்ல பலன் இதில்தான் வருகிறது. ஆனால் கன்றலும் வீக்கமும் மாறப் பல வாரங்கள் ஆகலாம், நம் நிறத்தில் கன்றிய இடம் கரும்படலமாகத் தங்கவும் கூடும். நாரைக் கரைக்க க்வோ என்ற ஊசிமருந்து 2020இல் அனுமதி பெற்றது; கன்றலும் தோல் நிறமாற்றமும் பெரிய பிரச்சினையாகவே, 2022 டிசம்பரில் தயாரிப்பாளரே அதை நிறுத்துவதாக அறிவித்துவிட்டார். இப்படி ஒரு சிகிச்சை வேண்டுமென்றால் பயணத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பு, தோல் மருத்துவரிடம் மட்டும் செய்துகொள்ளுங்கள். ஊருக்குக் கிளம்பும் மாதத்தில் எந்த ஊசியும் எந்த மெஷினும் வேண்டாம் என்பதே என் தீர்மானமான கருத்து.

ஐந்தாம் படி: கடைசி வாரம்

பயணத்துக்கு ஐந்து நாள் முன்பு பயத்தம் மாவோ நலங்கு மாவோ கொண்டு காலைத் தேய்த்துக் குளியுங்கள். பீர்க்கங்காய் நாரைப் பயன்படுத்தினால் நன்றாக ஊறவைத்து, மென்மையாகத் தேய்க்க வேண்டும். சிவக்கும்வரை தேய்த்தால் நம் தோலில் கருமை விழும். வேக்ஸிங் மூன்று, நான்கு நாளுக்கு முன்பே முடியட்டும். புதிதாக முடி எடுத்த தோலில் உப்புத் தண்ணீரும் வெயிலும் எரியும்.

செல்ஃப் டேனர் என்ற நிறமேற்றும் லோஷனைக் கோதுமை நிறமுள்ளவர்கள் முயலலாம். அதிலுள்ள டைஹைட்ராக்சிஅசிட்டோன் தோலின் மேல்படலத்தோடு சேர்ந்து சில மணி நேரத்தில் பழுப்பு நிறம் தரும், ஒரு வாரம் வரை நிற்கும். முழங்காலிலும் கணுக்காலிலும் குறைவாகத் தடவுங்கள், அங்கே நிறம் அப்பிக்கொள்ளும். வெயிலிலிருந்து அது காக்காது. கருமையான தோலுக்கு இது தேவையே இல்லை.

உடை விஷயத்தில் தயக்கம் வேண்டாம். கால் ஓரத்தில் இறுக்கிப் பிடிக்கும் உடை தொடையைப் பிதுக்கிக் காட்டும். ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். தடித்த, பளபளக்காத துணி நல்லது. முழங்கால் வரை வரும் நீச்சல் உடை நம் ஊரில் பல விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கிறது. மாலத்தீவில் ரிசார்ட்டில் இல்லாமல் மாஃபுஷி போன்ற உள்ளூர் மக்கள் வாழும் தீவில் தங்குபவர்களுக்கு அது எப்படியும் வேண்டும், அங்கே பிகினிக்கென்று ஒதுக்கிய கடற்கரையில் மட்டும்தான் பிகினி அணியலாம். கரையில் நடக்க ஒரு மெல்லிய சாரோங் இடுப்பில் கட்டிக்கொண்டால் போதும்.

ஆறாம் படி: கடற்கரையில்

உச்சி வெயில் ட்ரையல் ரூம் விளக்கு செய்யும் அதே வேலையைச் செய்யும். படம் எடுப்பதைக் காலை எட்டு மணிக்கு முன்போ, மாலை ஐந்துக்குப் பின்போ வைத்துக்கொள்ளுங்கள். சூரியனைப் பார்த்து நின்றால் ஒளி நேராக விழுந்து நிழலே இருக்காது. மினுமினுக்கும் பாடி ஆயிலைத் தவிருங்கள். மேடான இடமெல்லாம் பளபளத்து, பள்ளம் தனியாகத் தெரியும்.

சன்ஸ்க்ரீனை மட்டும் கஞ்சத்தனமாகத் தடவாதீர்கள். எஸ்.பி.எஃப். 30க்கு மேல், தண்ணீரில் கரையாத வகை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் கடலிலிருந்து ஏறிய ஒவ்வொரு முறையும். பெரியவர் ஒருவரின் முழு உடம்புக்கு ஒரு தடவைக்குச் சுமார் 30 மில்லி வேண்டும். 50 மில்லி ட்யூப் ஒரே நாளில் முடிந்துவிடும், அதனால் பெரிய பாட்டிலாக வாங்கிச் செல்லுங்கள். வெயில் தோலின் கொலாஜனைச் சிதைத்து மெலிய வைக்கிறது. இன்று காலில் தடவாமல் விட்டால் சில வருடங்களில் குழிவு இன்னும் தெளிவாகும்.

பிறகு தண்ணீரில் இறங்குங்கள். பிள்ளைகளோடு அலையில் விளையாடுங்கள், குடும்பப் படத்தில் கேமராவுக்குப் பின்னால் ஒளியாமல் முன்னால் நில்லுங்கள்.

ஊர் திரும்பியதும், தோலின் எரிச்சல் அடங்கிய பின் ரெட்டினாலை மறுபடி தொடங்கலாம். ஸ்குவாட்டை நிறுத்த வேண்டாம். அடுத்த விடுமுறை ஆறு மாதம் தள்ளி இருக்கிறது என்றால், அந்த க்ரீம் வேலை செய்யத் தேவையான முழு அவகாசமும் இப்போதுதான் உங்கள் கையில் இருக்கிறது.