மருத்துவரின் மனநலம்

மருத்துவரைத் தெய்வம் என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். தெய்வத்திற்குத் தூக்கம் உண்டா, அழுகை உண்டா என்று எவரும் கேட்பதில்லை. கொரோனாக் காலத்தில் இப்பழக்கம் மருத்துவர்களுக்கு நன்மை செய்யவில்லை என்பதே என் கருத்து.

2021 மே மாதம் என் தந்தையை வெளியூர் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். திருச்சுழிப் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. எங்கள் மாவட்டத்தில் அப்போது அரசு மருத்துவக் கல்லூரியும் இல்லை. விருதுநகரில் அது திறக்கப்பட்டது 2022 ஜனவரியில்தான். நோயாளியைப் பார்க்க உள்ளே விடமாட்டார்கள். வீட்டில் படிப்பு ஏறியவன் நான் ஒருவனே ஆதலால், மாலைதோறும் தொலைபேசியில் மருத்துவரிடம் விவரம் கேட்பது என் பொறுப்பு. ஒருநாள் அழைப்பு வர வெகு நேரமாயிற்று. அம்மா அழுத அழுகையைக் கண்ட ஆத்திரத்தில், வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டிவிட்டேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "தம்பி, அப்பா நல்லா இருக்காரு. இன்னைக்கு இங்க மூணு பேரு தவறிட்டாங்க. அவங்க வீடுகளுக்குச் சொல்லிட்டு வர நேரமாயிருச்சு" என்றார். குரல் கம்மியிருந்தது.

முழுக்கவச உடைக்குள் புகுந்துவிட்டால் பல மணி நேரம் தண்ணீர் குடிக்க இயலாது. சிறுநீர் கழிக்க இயலாது. பணி முடிந்தும் பலர் வீடு செல்லவில்லை. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் நோயைக் கொண்டுபோய்விடுவோமோ என்ற அச்சம். இவ்வாறு உழைத்து உள்ளம் வற்றிப்போவதை, நோய் என்று கொள்ளாமல், தொழில் சார்ந்த நிலை என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வகைப்படுத்தியது. தீராக் களைப்பு, வேலையில் ஒட்டாத மனம், செய்வதில் பயனில்லை என்னும் எண்ணம் ஆகியன இதன் அடையாளங்கள். இதனினும் கொடிது மனச்சான்றில் படும் காயம். படுக்கை ஒன்று, மூச்சுத் திணறுவோர் இருவர் என்றால் எவரைத் தேர்வது? ஓய்வு கொடுத்தால் களைப்பு தீரலாம். இந்தக் கேள்வி தீருமா? கரிமூட்டத்தில் மேலே பார்த்தால் மண்தான் தெரியும். தீ உள்ளேதான் இருக்கும்.

2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு நாடே கைதட்டி இவர்களைப் போற்றியது. நான்கு வாரம் கழித்து, ஏப்ரல் 19 இரவு, கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் ஒரு கூட்டம் கல்லும் கட்டையும் கொண்டு தாக்கியது. உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவரே மண்ணை அள்ளிப் போட்டுப் புதைக்க வேண்டியதாயிற்று. மறுநாள் காலை நோயாளி முன் நிற்கவேண்டிய மற்ற மருத்துவர்கள் அச்செய்தியை எப்படிப் படித்திருப்பார்கள்! மூன்றாம் நாளே மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது; மருத்துவப் பணியாளருக்குக் கொடுங்காயம் விளைவித்தால் ஏழாண்டு வரை சிறை. அச்சட்டம் உடலுக்குக் காவல்.

அமெரிக்காவில் மருத்துவர் லோர்னா பிரீன் 2020 ஏப்ரலில் தம் உயிரை மாய்த்துக்கொண்ட பின், மருத்துவப் பணியாளரின் மனநலத்திற்கென்றே அவர் பெயரால் 2022 இல் சட்டம் இயற்றினர். நம் நாட்டில் 2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில் 'டெலி மானஸ்' மனநல ஆலோசனை கிடைக்கிறது. மருத்துவரும் அழைக்கலாம். ஆனால், 'வைத்தியருக்கே வைத்தியமா?' என்று கேட்கும் ஊரில் எத்தனை பேர் அழைப்பார்கள்?

பதினோராம் நாள் அப்பா வீடு திரும்பினார். அந்த மருத்துவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் பெயரும் தெரியாது. மருத்துவமனைச் சீட்டில் கையெழுத்து மட்டும் இருக்கிறது. பலமுறை பார்த்துவிட்டேன், படிக்க முடியவில்லை.