தீபாவளிக்கு முந்தைய வாரங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் சேர்ந்து, தீபாவளியன்று காலை ஐம்பது ஏழைக் குடும்பங்களுக்கு இனிப்பும் புதுத்துணியும் கொடுக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். மண்டபம் பேசியாகிவிட்டது, பேனருக்குச் சொல்லியாகிவிட்டது, கவுன்சிலரும் வருகிறார் என்கிறாய். எண்ணம் நல்லது. ஏற்பாட்டில் பாதியை மாற்றச் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதே.

முதலில் நாளை மாற்று. தீபாவளி விடிந்தபின் துணி கொடுப்பதால் அந்த வீட்டுக்கு ஆகப்போவது கொஞ்சம்தான். பிள்ளைகள் புதுச்சட்டை கேட்கத் தொடங்கி அதற்குள் எத்தனையோ நாள் ஆகியிருக்கும். அப்பா யாரிடமாவது கைமாற்று வாங்கியிருப்பார். இல்லையென்றால் அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போயிருக்கும். கடன் வாங்கித் துணியெடுத்து, முறுக்கும் சுட்டு முடித்த வீட்டு வாசலில் போய் நின்று நீங்கள் மைசூர்பாகு டப்பாவை நீட்டுவீர்கள். அதற்கு வட்டியைக் குறைக்கத் தெரியாது. கடன் வாங்குவதற்கு முன்னால் போனால்தான் உங்கள் பணத்துக்கு மதிப்பு. பண்டிகைக்கு மூன்று வாரம் இருக்கும்போதே கிளம்புங்கள்.

இந்தக் கடன் ஏன் வருகிறது என்று யோசித்திருக்கிறாயா? சட்டப்படி குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், அதாவது ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அந்தச் சட்டம் பொதுவாக இருபது பேராவது வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான். சித்தாளுக்கும் வீட்டுவேலை செய்யும் அக்காவுக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும் அது எட்டாது. போதாததற்கு, தமிழ்நாட்டில் தீபாவளி வருவது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். கட்டட வேலை நிற்கும், செங்கல் சூளை நிற்கும், தூத்துக்குடிப் பக்கம் உப்பளம் நிற்கும். ஊரே செலவு செய்யும் மாதத்தில் இவர்களுக்கு வரவே இருப்பதில்லை.

எந்தக் குடும்பம் என்று முடிவு செய்ய மைக் வைத்துப் பெயர் வாசிக்க வேண்டாம். அங்கன்வாடி ஊழியரைக் கேள், பள்ளிச் சத்துணவு அமைப்பாளரைக் கேள், கிராம சுகாதாரச் செவிலியரைக் கேள், மகளிர் குழுத் தலைவியைக் கேள். எந்த வீட்டில் ஆண்துணை இல்லை, யார் டயாலிசிஸுக்குப் போய்வருகிறார், எந்தப் பாட்டி பேரப்பிள்ளைகளை ஒற்றை ஆளாக வளர்க்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் சொல்லும் பட்டியலில் ஐம்பது இருக்காது. பதினைந்தோ இருபதோ இருக்கலாம். இருக்கட்டும். ஐம்பது வீட்டுக்கு அரைக்கிலோ இனிப்பு கொடுப்பதைவிடப் பதினைந்து வீட்டுக்கு ஒழுங்காகச் செய்வது மேல்.

அடுத்தது, எதைக் கொடுப்பது. இதை அந்த வீட்டுப் பெண்ணிடமே விட்டுவிடு. உங்கள் தெருவிலோ அவர்கள் தெருவிலோ ஒரு அண்ணாச்சி மளிகைக் கடை இருக்குமே, அங்கே ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு என்று முன்பணம் கட்டிவிடு. அந்த அம்மா வந்து கடலை மாவோ எண்ணெயோ பருப்போ, வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும். பழைய பாக்கியில் கழித்துக்கொள்ளச் சொன்னால் அதற்கும் அண்ணாச்சியிடம் சம்மதம் சொல்லி வை. (யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அண்ணாச்சிக்கு ஏற்கெனவே தெரியும், அவருடைய கணக்கு நோட்டைவிட நல்ல கணக்கெடுப்பு எந்த அலுவலகத்திலும் கிடையாது.) துணிக்கும் இதே வழிதான். ஜவுளிக்கடையில் பணம் கட்டு. அப்பா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், பிள்ளை கைகாட்டும் சட்டையை எடுத்துக் கொடுக்கட்டும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தச் சட்டை அப்பா வாங்கித் தந்தது என்றே பிள்ளை நினைக்க வேண்டும். மேடையில் வைத்துக் கொடுத்தால், தகப்பனால் முடியாததை ஊரார் செய்தார்கள் என்பதுதான் அதன் மனதில் நிற்கும். பசியைப் போக்கப் போய் ஒருவருடைய பெற்றோர் ஸ்தானத்தைப் பிடுங்கிக்கொள்ளும் உதவி எனக்குப் பிடிப்பதில்லை. ஆகவே பேனரை நிறுத்து. படமும் வேண்டாம். மறுநாள் வகுப்புத் தோழன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். நன்கொடை கொடுத்தவர்கள் கணக்குக் கேட்டால் கடை பில்லின் நகலைக் காட்டு. அது போதாது, முகம்தான் வேண்டும் என்பவரிடம் பணம் வாங்காதே.

பழைய துணி சேர்ப்பதாகவும் எழுதியிருக்கிறாய். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாடு முழுவதிலுமிருந்து தமிழகக் கடற்கரைக்கு லாரி லாரியாகத் துணி வந்தது. கிழிந்ததும், மீனவப் பெண்கள் உடுத்தவே உடுத்தாததுமாக அதில் ஏராளம் சாலையோரத்தில் குவிந்து மழையில் நனைந்து கிடந்தது. அப்படி வீணாகிக் கிடந்த துணியைப் பிரித்து எடுத்துப் பயன்படுத்தியவர்களில் டெல்லியில் அன்ஷு குப்தா தொடங்கிய ‘கூஞ்ச்’ அமைப்பும் உண்டு. கிராமத்தார் தங்கள் ஊருக்குத் தேவையான கிணற்றையோ பாதையையோ தாங்களே வேலை செய்து முடிப்பார்கள். அந்த உழைப்புக்குக் கைம்மாறாகக் கூஞ்ச் அமைப்பினர் துணி தருவார்கள். அது அவர்கள் வழி. 2015இல் அன்ஷு குப்தாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. உங்களுக்கு நான் சொல்வது சிறியது: உன் அம்மா உடுத்தத் தயங்கும் சேலையை இன்னொருவர் அம்மாவுக்கு அனுப்பாதே. மழைக்காலத்துக்குப் போர்வை, உள்ளாடை, நாப்கின் வாங்கினால் உண்மையில் பயன்படும். இவற்றை யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள் என்பதால்தான் சொல்கிறேன்.

பணமே இல்லாமல் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணி செய்ய வேண்டும். மண்டப நிகழ்ச்சி மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரத்தில் அந்த வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதிக் கொடு. முதியோர் உதவித்தொகை 2023இல் மாதம் 1,200 ரூபாயானது. அந்தக் கணக்கில் ஆண்டுக்கு 14,400 ரூபாய். ஆதாரில் பிறந்த தேதி தவறாக இருப்பதாலோ, இ-சேவை மையத்துக்கு அழைத்துப்போக ஆளில்லாததாலோ அதை வாங்காமல் இருக்கும் பாட்டிகள் உண்டு. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994இலிருந்து இருக்கிறது. அதில் பிள்ளைகளின் படிப்புக்கும் உதவி உண்டு. அட்டையைப் புதுப்பிக்க மறந்துபோனவர் எத்தனை பேர் என்று விசாரித்துப் பார். உங்கள் இனிப்புப் பெட்டி ஒன்றுக்கும் இந்த வலு கிடையாது.

கடைசியாக ஒன்று. அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியம் சத்துணவு உண்டு. 2022 செப்டம்பர் 15இல் தொடங்கிய காலை உணவும் உண்டு. பள்ளி பூட்டினால் இரண்டும் நிற்கும். நமக்கு விடுமுறை என்றால் கொண்டாட்டம். அந்தத் தாய்க்கு அது ஒரு நாளைக்கு இரண்டு வேளைச் சோற்றைக் கூடுதலாகத் தேடும் காலம். வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் எரிகிறது. பண்டிகை நாள், வெறும் நாள் என்று அது பார்ப்பதில்லை. உங்களால் அந்த அளவுக்கு முடியாது. யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் தீபாவளி முடிந்ததும் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டிசம்பர் கடைசியில் அரையாண்டு விடுமுறை வருகிறது. அதே வீடுகளுக்கு அந்த நாட்களுக்கான அரிசி, பருப்பு, முட்டை கிடைக்க அதே அண்ணாச்சியிடம் இப்போதே பேசி வை. இரண்டுக்கும் சேர்த்து என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டு எனக்கு எழுது. குறையும் பணத்துக்கு நானும் என் நண்பர்களும் பங்கு தருகிறோம்.

அன்புடன்,
அண்ணன்