காதால் படிக்கும் கணினி

கண்பார்வை இல்லாத ஒருவர் கணினியை இயக்க முடியுமா? முடியும். கடிதம் எழுதலாம், கணக்குப் போடலாம், நிரலும் எழுதலாம். இதற்கு உதவும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர்.

விண்டோஸ் கணினிகளுக்கான என்விடிஏ அவற்றுள் ஒன்று. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006-ஆம் ஆண்டில் இதை எழுதத் தொடங்கினார். அவர் பார்வையற்றவர். இதை எவரும் விலையின்றிப் பெறலாம். தமிழிலும் இது பேசும்.

எப்படி வேலை செய்கிறது?

திரைவாசிப்பான் பொதுவாகத் திரையிலுள்ள படத்தைப் பார்ப்பதில்லை. திரையில் தோன்றும் ஒவ்வொரு பொருளின் பெயர், வகை, நிலை ஆகியவற்றை விண்டோஸ் வழியாகக் கேட்டுப் பெறுகிறது. அதைப் பேச்சொலியாக மாற்றி, "சேமி, பொத்தான்" என்று சொல்கிறது.

கண் திரை முழுவதையும் ஒரே நொடியில் பார்த்துவிடும். காதுக்கோ செய்தி ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். ஆகவே கற்பிக்கும் முறையும் மாறுகிறது. மவுஸின் அம்புக்குறியைக் கண்ணால் பின்தொடர வேண்டும் என்பதால் அது இங்கே பயன்படாது. பாடம் விசைப்பலகையில் தொடங்குகிறது.

முதல் பாடங்கள்

1. விரல்களை வைக்கும் இடம்: எஃப், ஜே விசைகளின் மேல் சிறு மேடுகள் உண்டு. இரு ஆள்காட்டி விரல்களும் அங்கே நிற்க வேண்டும். மற்ற விசைகளை அங்கிருந்து எண்ணி அறியலாம்.

2. விசைகளின் பெயர்: என்விடிஏயில் இன்சர்ட் விசையுடன், எழுத்துகளுக்கு மேலுள்ள 1 என்ற விசையை அழுத்தினால் பயிற்சி நிலை வரும். அப்போது விசையை அழுத்தினால் அதன் பெயர் ஒலிக்கும், விசையின் வேலை நடக்காது. ஆகவே அச்சமின்றிப் பழகலாம். மீண்டும் அதே இரு விசைகளை அழுத்தினால் பழைய நிலை திரும்பும்.

3. பேச்சை நிறுத்துதல்: கன்ட்ரோல் விசையை அழுத்தினால் பேச்சு நிற்கும். இதை முன்னதாகவே கற்பித்தால், பேச்சு வெள்ளத்தில் மாணவர் திணறமாட்டார்.

4. நகர்தல்: டேப் விசை அடுத்த பொருளுக்குக் கொண்டுசெல்லும். அதனுடன் ஷிப்ட் விசையையும் அழுத்தினால் முந்தைய பொருளுக்குத் திரும்பலாம்.

ஆசிரியர், "மேலே உள்ள நீலப் பொத்தானை அழுத்து" என்று சொல்வதில் பயனில்லை. "டேப் விசையை அழுத்திக்கொண்டே வா; 'சேமி' என்று கேட்டதும் என்டர் விசையை அழுத்து" என்று சொல்ல வேண்டும். மாணவரின் கையைப் பிடித்துத் தாமே அழுத்திவிடவும் கூடாது.

கணினி ஊமையாகும் இடங்கள்

வினாத்தாளைப் புகைப்படமாக அனுப்பினால் திரைவாசிப்பான் "படம்" என்று சொல்லி நின்றுவிடும். படத்திலுள்ள எழுத்தைக் கண்டறியும் கருவிகள் உண்டு. ஆனால் அவை பிழை செய்யும். வினாவில் ஓர் எண் மாறினாலும் விடை தவறுமல்லவா?

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலும் இதே தொல்லை. அவற்றில் நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது, கணினிக்குள் ஆங்கில எழுத்துகளாகவே இருக்கிறது. "அம்மா" என்று எழுதினால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்பதே உள்ளே பதிவாகும். யூனிகோடு முறையில் தமிழுக்கெனத் தனி எண்கள் இருப்பதால் சொல் சரியாக ஒலிக்கும்.

செய்து பாருங்கள்

என்விடிஏயை இயக்கி, கண்களை மூடிக்கொண்டு உங்கள் பெயரைத் தட்டச்சு செய்து சேமியுங்கள். பிறகு, உங்கள் வகுப்புக்கு அனுப்பும் பாடக்குறிப்பை யூனிகோடில் எழுதி, படங்களுக்கு ஓரிரு வரி விளக்கமும் சேருங்கள். பார்வையற்ற நண்பர் யார் உதவியுமின்றி அதைத் தாமே படித்துக்கொள்வார்.